தயிர் உறையாவிட்டால் பால்காரர் மட்டும்தான் குற்றவாளியா?

கொஸ்லந்த பக்கத்துத் தோட்டங்களில் உறை ஊற்றிய பால் விடிந்தும் பாலாகவே கிடந்தால், முதலில் ஏச்சு வாங்குவது பால் கொடுத்தவர்தான். தண்ணீர் கலந்துவிட்டார் என்பார்கள். அடுத்த பழி மலைக்குளிர்மேல் விழும். இரண்டும் சில நேரம் உண்மைதான். ஆனால் அதே பால், அதே சூடு, அதே சட்டி இருந்தும் நாளுக்கு நாள் உறைவது பிந்திக்கொண்டே போனால் உறையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

உறையில் உள்ள, பாலைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களையும் வைரஸ் தாக்கும். அதன் பெயர் பேஜ். பாக்டீரியாவுக்குள் புகுந்து, பெருகி, ஒரு மணி நேரத்துக்குள் அதை வெடிக்க வைத்து டசின் கணக்கில் வெளியே வரும். மனிதருக்கு இதனால் நோய் வராது. 1935இல் நியூசிலாந்தின் வைட்ஹெட், காக்ஸ் இருவரும் சீஸ் தொழிற்சாலைகளில் உறை செத்துப்போனதற்கு இதுவே காரணம் என்று கண்டார்கள். யோகட் பாக்டீரியா பழைய பேஜின் மரபணுத் துண்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மறுமுறை எதிர்க்கிறது என்பது 2007இல் தெரியவந்தது. மரபணுத் திருத்தத்துக்கு இன்று உதவும் கிரிஸ்பர் அதுதான்.

பேஜ் நோய் தராது என்றாலும் அது விட்டுச்செல்லும் பால் ஆபத்தானது. புளிப்பு ஏறாத பால் வெதுவெதுப்பாகவே கிடந்தால் ஸ்டாஃபிலோகொக்கஸ் போன்ற கிருமிகள் வளர்ந்து நஞ்சு கக்கும். அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. எனவே உறையாத பாலைத் திரும்பக் காய்ச்சி விற்பது சிக்கனம் அல்ல, அடுத்தவர் வயிற்றோடு விளையாடுவது.

காரணத்தை வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். நன்றாகக் காய்ச்சி ஆற்றிய ஒரே பாலை இரண்டு சட்டியில் ஊற்றி, ஒன்றில் பழைய உறையும் மற்றதில் வேறிடத்துப் புது உறையும் விடுங்கள். புதியது மட்டும் உறைந்தால் பழைய உறையில் கோளாறு. இரண்டும் உறையாவிட்டால் பாலைப் பாருங்கள். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலில் மிஞ்சும் மருந்தும் உறையைக் கொல்லும். கால்நடை வைத்தியர் சொன்ன நாள் முடியும்வரை அந்தப் பாலைச் சேர்க்கக் கூடாது.

உறைதான் காரணம் என்றால் அதை இன்னும் கொஞ்சம் கூட்டி ஊற்றிப் பார்ப்பது வீண் வேலை. முழுவதையும் கொட்டிவிடுங்கள். தயிர்த் தண்ணீர் சிந்திய தரை, துணி, கரண்டி எல்லாவற்றிலும் பேஜ் இருக்கலாம். கழுவியபின் குளோரின் கரைசலால் துடைக்க வேண்டும். பாஸ்டர் முறையில் 72 பாகை செல்சியஸில் 15 விநாடி சூடாக்கினாலும் பல பேஜ்கள் தப்பிவிடும். பக்கற்றில் வரும் உறையை வாங்குகிறவர்கள் ஒரே வகையை நாள்தோறும் போடாமல் மாற்றி மாற்றிப் போடுவது நல்லது.

பால் கொடுப்பவர்களே, தண்ணீர் கலந்ததாகச் சொல்லி விலையைக் குறைத்தால் லெக்டோமீட்டரை உங்கள் கண்முன்னே வைத்துக் காட்டும்படி கேளுங்கள். கெட்ட யோகட் வாங்கிவிட்டவர்கள் கோப்பையையும் ரசீதையும் எறியாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டலாம். நுகர்வோர் அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துமூல முறைப்பாட்டைக் கொடுத்துவிட வேண்டும்.