கூடங்குளமும் கணினித் திருடர்களும்



கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினிக்குள் யாராவது புகுந்துவிட்டால் அணு உலையே வெடித்துவிடுமா? 2019-ஆம் ஆண்டு இறுதியில் இந்தக் கேள்வி தமிழகம் முழுவதும் எழுந்தது. இன்றும் கைப்பேசியில் ஏதாவது செய்தி வந்தால் அதே அச்சம் திரும்புகிறது. அன்று நடந்தது என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

அந்த ஆண்டு அக்டோபர் 28-ஆம் தேதி வாக்கில், கூடங்குளத்தில் இணையத் தாக்குதல் நடந்ததாகச் செய்தி பரவியது. சில நாள்களுக்கு முன்புதான் இரண்டாவது உலை நின்றிருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசியவர்கள் பலர். மறுநாள் நிலைய நிர்வாகம் அதை மறுத்தது. கட்டுப்பாட்டுக் கணினிகள் இணையத்தோடு தொடர்பற்றவை, ஆகவே அவற்றின்மீது தாக்குதல் நடக்கவே முடியாது என்றது. அதற்கும் அடுத்த நாள், அக்டோபர் 30-இல், இந்திய அணுமின் கழகம் வேறொரு அறிக்கை வெளியிட்டது. தீய மென்பொருள் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது உண்மையே. அரசின் கணினி அவசரகால அமைப்பு செப்டம்பர் 4-ஆம் தேதியே அதைத் தெரிவித்துவிட்டது. பாதிக்கப்பட்டது அலுவலகப் பணிக்கான இணைய இணைப்பில் இருந்த ஒரு கணினி மட்டுமே என்றது.

அந்த மென்பொருளின் பெயர் டி-டிராக். தகவல் திருடுவதே அதன் வேலை. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று நம் நாட்டு ஏ.டி.எம். இயந்திரங்களைக் குறிவைத்ததாக காஸ்பர்ஸ்கி நிறுவனம் அதே செப்டம்பரில் சொல்லியிருந்தது.

நம் ஊர் திராட்சை விவசாயிக்கு இதைச் சொல்வது எளிது. மண்டியின் கணக்குக் கணினியில் வைரஸ் புகுந்தால் கணக்கு களவு போகும். தோட்டத்து மோட்டார் அதனால் நின்றுவிடாது. இரண்டுக்கும் இடையே கம்பி இல்லை. கூடங்குளத்திலும் அலுவலக வலையமைப்பு வேறு, உலையை இயக்கும் வலையமைப்பு வேறு. மேலும், மின்சாரம் துண்டிக்கப்பட்டால் கட்டுப்பாட்டுத் தண்டுகள் தம் எடையாலேயே உலைக்குள் விழுந்து அணுப்பிளவை நிறுத்திவிடும். அதன்பின் மிஞ்சும் வெப்பத்தை வெளிக்காற்றின் மூலம் தானாகவே தணிக்கும் ஏற்பாடும் அங்கே உண்டு. இவற்றுக்குக் கணினியின் கட்டளை தேவையில்லை.

ஆனால் கம்பி இல்லை என்பதால் வழியே இல்லை என்று ஆகிவிடாது. ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டும் நிலையமும் இணையத்திலிருந்து பிரிக்கப்பட்டதுதான். 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட், ஒரு பென்டிரைவ் மூலமாக உள்ளே போனதாக நம்பப்படுகிறது. அங்கிருந்த சுழல் இயந்திரங்களில் ஏறத்தாழ ஆயிரம் அதனால் சேதமடைந்தன என்று கணிக்கப்படுகிறது. ஆகவே "முடியவே முடியாது" என்ற சொல்லை எந்த அதிகாரியும் இவ்வளவு எளிதாகப் பயன்படுத்தக் கூடாது என்பதே நம் கருத்து. இரண்டாவது அறிக்கையில் இருந்த உண்மை முதல் நாளே வந்திருந்தால், பீதி பாதியாகக் குறைந்திருக்கும்.

மக்களின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவோரும் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நாம் அப்படிச் சொல்ல முடியுமா? 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிடும் என்று மலைக்கு அப்பால் உள்ள மக்கள் அஞ்சினார்கள். அணை பலமாக இருக்கிறது என்று நாம் இங்கிருந்து குரல் எழுப்பினோம். 2014-இல் உச்ச நீதிமன்றமும் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்றது. அந்த அச்சம் அதனால் தீர்ந்ததா? இல்லை. அணைக்குக் கீழே உறங்குகிறவருக்கு எண்கள் மட்டும் போதாது. எண்ணைச் சொல்பவர்மீது நம்பிக்கை வேண்டும்.

இடிந்தகரை மீனவ மக்களும் அதே நிலையில்தான் இருக்கிறார்கள். 2011 முதல் லூர்து மாதா ஆலய வளாகத்தில் அவர்கள் அமர்ந்து போராடியபோது, இணையத் திருடர்களைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. ஏதாவது நடந்தால் எங்களுக்கு யார், எப்போது சொல்வார்கள் என்ற கவலையே பெரிது. செப்டம்பர் 4-இல் அதிகாரிகளுக்குத் தெரிந்த செய்தி, அந்தக் கரைக்கு அக்டோபர் 30-இல்தான் முறையாக வந்து சேர்ந்தது. இடையில் 56 நாள்கள்.