கடல் கடந்து வந்த வாத்தியங்கள் – 7: அனந்தபுரியின் தந்தப் பிடில்

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ பத்மநாப சுவாமி ஆலயத்தை அடுத்து, கூரையின் கீழ் வரிசையாகச் செதுக்கப்பட்ட 122 மரக் குதிரைகளால் பெயர் பெற்று விளங்கும் குதிரை மாளிகையில், ஜனவரி மாதந்தோறும் சுவாதித் திருநாள் மகாராஜாவின் கிருதிகளைக் கேட்கக் கூடும் ரசிகர்கள், பாடகருக்கு இடப்பக்கம் அமர்ந்து வில் போடும் வித்வானை அந்நிய வாத்தியக்காரர் என்று ஒரு கணமும் எண்ணுவதில்லை. அவ்விதம் எண்ணாதிருக்கும் நிலைமையை உண்டாக்கியவர்களில் முன்வரிசையில் நிற்பவரும், இந்நகரத்து அரண்மனையிலேயே அந்த வாத்தியத்துக்கு ராஜ கௌரவத்தைத் தேடித் தந்தவருமான தஞ்சை வடிவேலுவின் சரித்திரமே இவ்வாரத்து விஷயம்.

தஞ்சைப் பெரிய கோயிலையும் மராட்டிய தர்பாரையும் சார்ந்து வாழ்ந்த நட்டுவப் பரம்பரையில் 1802 முதல் 1810 வரையிலான எட்டு ஆண்டுகளில் பிறந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் சகோதரர் நால்வரும், முத்துசுவாமி தீட்சிதரிடம் சங்கீத சிக்ஷை பெற்று, இன்றைய பரத நாட்டியக் கச்சேரிக்கு ஒழுங்கான முறையை வகுத்தவர்கள் என்பதை நாட்டியம் அறிந்தோர் அனைவரும் அறிவர். இளையவரான வடிவேலு ஏகசந்தக்கிராகி. ஒருமுறை செவியில் விழுந்தது பிறகு மறப்பதில்லை.

அவர் பிடில் கற்ற வரலாற்றைச் சுவார்ட்ஸ் பாதிரியாரோடு இணைத்துக் கூறுவார் உண்டு. பாதிரியார் 1798லேயே தஞ்சையில் காலமாகிவிட்டார். வடிவேலு பிறந்ததோ 1810ல். ஆகையால் அக்கதையை நாம் ஒதுக்கிவிடலாம். ஐரோப்பிய இசைச் சுவடிகளைச் சரஸ்வதி மகாலில் சேர்த்து வைத்தவரும், மேனாட்டு வாத்தியங்களில் பெருவிருப்பம் கொண்டவருமான சரபோஜி மன்னரின் தலைநகரில், இவ்வளவு கூர்மையான செவியுள்ள ஒரு பாலகன் பிடிலைக் கேட்காமல் வளர்ந்திருந்தால் அதுவே ஆச்சரியமாக இருந்திருக்கும்! தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மணலியில் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் பயின்றதைச் சென்ற வாரம் கண்டோம். அங்கே முளைத்தது வடிவேலுவின் கையில் தழைத்தது.

இத்தொடரில் பியானோவைப் பற்றி எழுதியபோது, ஸ்தாயி ஒன்றுக்குப் பன்னிரண்டு கட்டைகளாகச் சுரங்களைப் பிரித்து நிறுத்திவிட்ட வாத்தியத்தில், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்லும் நமது கமகம் பிறப்பதற்கு வழியில்லை என்று கூறினேன். தம் நாட்டுக் கிராமிய வாத்தியங்களின் தொனியைப் பியானோவில் எழுப்ப விரும்பி நடனங்கள் இயற்றிய ஆர்மீனியத் துறவி கோமிதாஸும், அந்நாட்டிலிருந்து உலக மேடைகளுக்குச் சென்று அவற்றை வாசிக்கும் பியானோ கலைஞர்களும், இந்த வரம்புக்குள் நின்றே சாதிக்க வேண்டியிருக்கிறது. பிடிலுக்கோ மெட்டுக்களும் இல்லை, கட்டைகளும் இல்லை. விரல் சென்ற இடமெல்லாம் சுரம். ஆயினும் ஐரோப்பியர் மோவாய்க்குக் கீழே இடுக்கி நின்றுகொண்டு வாசிக்கும் முறையில் இடக்கை தாராளமாக நகர்வது கடினம். நம்மவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, வாத்தியத்தின் அடியை மார்பிலும் தலையைக் கணுக்காலிலும் நிறுத்தி, தந்திகளைச் சட்ஜமும் பஞ்சமமும் மாறி மாறி ஒலிக்கச் சுருதி சேர்த்துக்கொண்டபோது, தாங்கும் பொறுப்பினின்று இடக்கை விடுதலை பெற்றது. மரத்தில் ஒரு துளியும் மாற்றவில்லை. உட்காரும் விதத்தையும் சுருதியையும் மாற்றினார்கள், அவ்வளவே. இதைவிடப் புத்திசாலித்தனமான சுவீகாரத்தை நான் அறியேன்.

தஞ்சை அரசரோடு ஏற்பட்ட மனஸ்தாபத்தால் சகோதரர்கள் ஊரை விட்டு நீங்க நேர்ந்தது. 1829ல் பதினாறு வயதில் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற சுவாதித் திருநாள், வடிவேலுவைத் தமது சமஸ்தான வித்வானாக ஏற்று, 1834ல் தந்தத்தாலாகிய பிடில் ஒன்றைப் பரிசளித்தார். மேருசுவாமி, பரமேசுவர பாகவதர் முதலிய பெரியோர் நிறைந்த சபையில், இருபத்துநான்கு வயது வாலிபர் ஒருவர் வாசித்த அந்நிய வாத்தியத்துக்கு அவ்வளவு பெரிய மரியாதை செய்த மன்னரின் ரசனை எத்தகையது! அரசரும் வித்வானும் ஏறக்குறைய ஒரே வயதினர். வர்ணங்களும் பதங்களும் மோகினியாட்டமும் அவ்விருவரின் சகவாசத்தில் வளம் பெற்றன. மன்னரின் புகழொளியில் வடிவேலுவின் பிடில் சற்று மங்கித் தெரிவது எனக்கு மனக்குறையே.

திருவையாற்றிலிருந்து தியாகராஜரை அழைத்து வரும்படி மகாராஜா வடிவேலுவை அனுப்பினார் என்றும், அவருடைய வாசிப்பில் மனம் உருகிய தியாகராஜர் வேண்டுவதைக் கேள் என்று வாக்களித்தார் என்றும், வடிவேலு விண்ணப்பம் செய்தபோது, மன்னரைப் பரலோகத்தில் இராமனின் சந்நிதியில் சந்திப்பதாகக் கூறி விட்டார் என்றும் ஒரு கதை சங்கீத உலகில் வழங்கி வருகிறது. முப்பத்துமூன்று வயதே நிரம்பிய மகாராஜா 1846 டிசம்பர்க் கடைசியில் காலமானார். தியாகராஜர் 1847 ஜனவரி 6ஆம் நாள் சித்தியடைந்தார்.

தந்தப் பிடில் தஞ்சை மேலவீதியில் வடிவேலுவின் வம்சத்தாரிடம் போய்ச் சேர்ந்தது. திருவனந்தபுரத்திலோ, 1939ல் தோன்றிய சுவாதித் திருநாள் சங்கீத அகாதமியில் முத்தையா பாகவதரும் அவருக்குப்பின் செம்மங்குடி சீனிவாச ஐயரும் தலைமை வகித்து, மகாராஜாவின் கிருதிகளை மேடைகளுக்குக் கொண்டு வந்தார்கள். அச்செம்மங்குடியாரின் தாய்மாமனும், பிடில் வாசிப்பைப் புதிய சிகரத்துக்கு உயர்த்தியவருமான திருக்கோடிக்காவல் கிருஷ்ணையரை அடுத்த வாரம் சந்திப்போம்.