வாய்விட்டு அழ ஒரு பாட்டு

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. வாய்விட்டு அழுதால் என்ன ஆகும் என்று எவரும் சொல்வதில்லை. ஆயினும், பாரம் தீர அழுது எழுந்தவர் முகத்தில் தோன்றும் தெளிவை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்த நம் போன்ற குடும்பங்களில் இந்த அழுகைக்கு இடம் சுருங்கி வருகிறது. தாய் இறந்த செய்தி தொலைபேசியில் வருகிறது. இரவு வண்டி ஏறிச் சென்று, காரியம் முடித்துத் திரும்பி, மறுவாரம் அலுவலில் அமர்கிறோம். அண்டை வீட்டார் நல்லவர்களே. எனினும் துக்கத்தை அவர்களிடம் கன்னடத்தில் தெரிவிக்கலாமே தவிர, கன்னடத்தில் அழ நமக்கு வருவதில்லை.

தமிழ்க் குடும்பங்களின் கூட்டங்களில் இப்பொழுது கரோக்கே நிகழ்ச்சி வழக்கமாகிவிட்டது. அத்தகைய கூட்டம் ஒன்றில், தாயை இழந்து இரண்டு மாதம் ஆகாத அன்பர் ஒருவர் சோகப் பாடல் ஒன்றைத் தொடங்கினார். முதற்சரணம் முடியுமுன், "நல்ல நாளும் அதுவுமாக அழுகைப் பாட்டு எதற்கு?" என்று ஒரு குரல் எழுந்தது. உடனே துள்ளிசை ஒன்று போடப்பட்டது. அவர் மைக்கை வைத்துவிட்டு அமர்ந்தார். அந்த அன்பரின் பக்கம் நின்று சில சொற்கள் கூறுவதே நமது நோக்கம்.

கரோக்கே பிறந்த நாட்டை முதலில் நோக்குவோம். 1971-ஆம் ஆண்டில் ஜப்பானின் கோபே நகரில், இனோவே டைசுகே என்ற இசைக்கலைஞர், பாடகர் குரல் இன்றிப் பின்னணி இசையை மட்டும் ஒலிக்கும் பெட்டி ஒன்றை அமைத்தார். 'கரா' என்றால் வெறுமை. 'ஓகே' என்பது ஆர்க்கெஸ்ட்ரா என்பதன் சுருக்கம். வெறுமையாய் விட்ட அவ்விடத்தைப் பாடுவோர் தம் குரலால் நிரப்புகின்றனர். அங்கே பாடப்படுபவை களிப்புப் பாட்டுகள் மட்டும் அல்ல. 'என்கா' என்னும் பாடல்வகை பிரிவையும், பிறந்த ஊர் ஏக்கத்தையும், கைகூடாக் காதலையுமே பெரிதும் பொருளாகக் கொண்டது. 1964-இல் இஸாவா ஹச்சிரோ என்பவர் பாடிய பாட்டு ஒன்று டோக்கியோவின் உவேனோ இரயில் நிலையத்தைப் பற்றியது. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, வடகிழக்குக் கிராமங்களிலிருந்து கூட்டங்கூட்டமாக வேலைக்கு வந்து இறங்கிய பிள்ளைகளின் நெஞ்சம் அதில் பேசுகிறது. இரயில் நிலையத்தில் பணிபுரியும் நாம் அந்தப் பிள்ளைகளின் முகங்களை அறிவோம்; தகரப் பெட்டி பையாக மாறிவிட்டது, முகம் மாறவில்லை. அந்நிலையத்துக்கு வெளியே அப்பாட்டுக்கு நினைவுக்கல்லே நாட்டியிருக்கின்றனர்.

அவர்கள் சோகமும் நம் சோகமும் சுரத்திலும் உறவுடையன. என்காவின் துயர மெட்டுகள் பலவும் மத்தியமத்தையும் நிஷாதத்தையும் விலக்கி, ஐந்து சுரங்களில் அமைவன. நமது சிவரஞ்சனியும் அவ்விரண்டையும் விலக்கிய இராகமே. இரண்டுக்கும் தைவதம் ஒன்றே வேறுபாடு. 1961-இல் பீம்சிங் இயக்கத்தில் வெளிவந்த 'பாசமலர்' படத்தில், பிரிந்துபோன அண்ணனும் தங்கையும் ஆளுக்கோர் இடத்தில் தம் குழந்தைக்குப் பாடும் தாலாட்டைக் கேட்டுக் கண் கலங்காத தமிழ்க் குடும்பம் உண்டோ? கண்ணதாசன் எழுத, சௌந்தரராஜனும் சுசீலாவும் பாடிய அப்பாடல், தாலாட்டாகத் தொடங்கி அழுகையாக முடிகிறது.

அழுதற்குப் பாடும் வழக்கத்தைக் கற்க நாம் கடல் கடந்து போகவும் வேண்டியதில்லை. மைசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் உள்ள மேல்கோட்டைக்குச் சென்றால் போதும். அவ்வூரில் தமிழர் குடியேறி நூற்றாண்டுகள் பல ஆயின. அவர்கள் வீட்டில் பேசும் தமிழில் கன்னடம் கலந்துவிட்டது. பிரபந்தத்தைக் கன்னட எழுத்தில் அச்சிட்டுப் படிப்போரும் உளர். ஆயினும் திருநாராயணன் சந்நிதியில் ஆழ்வார்களின் பாசுரங்கள் இன்றும் தமிழிலேயே ஓதப்படுகின்றன.

அப்பிரபந்தத்துள் குலசேகர ஆழ்வாரின் பெருமாள் திருமொழியும் ஒன்று. அதன் 7-ஆம் திருமொழியில், கண்ணனைப் பெற்றும் வளர்க்கும் பேறு பெறாத தேவகி, மகனைத் தாலாட்டவும் அவன் மழலையைக் கேட்கவும் தனக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்று புலம்புகிறாள். 9-ஆம் திருமொழியில், கானகம் சென்ற இராமனை எண்ணித் தயரதன் கதறுகிறான். முடிசூடிய மன்னராகிய ஆழ்வார், பெற்றவளின் அழுகையைத் தம் வாயாலேயே பாடினார். ஆடவர் அழுவது இழுக்கு என்போர் இதனைச் சற்று எண்ணிப் பார்ப்பாராக.

மேல்கோட்டையில் நெடுங்காலம் தங்கிய இராமானுசர் திருவரங்கத்துக்குப் புறப்பட்டபோது, அடியார்கள் பிரிவாற்றாது அழுதனர் என்றும், அவர்களுக்காகத் தம் திருவுருவம் ஒன்றை அங்கே அமைக்கச் செய்தார் என்றும் குருபரம்பரை வரலாறு கூறும். அதனைத் 'தமர் உகந்த திருமேனி' என்பர். அழாதீர்கள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விடவில்லை. அழுபவர்கள் சென்று அமர ஓர் இடம் தந்தே போனார்.

நம் கிராமங்களில் ஒப்பாரி செய்ததும் இதுவே. ஒருத்தி பாட்டெடுப்பாள்; சுற்றியிருப்போர் தத்தம் துயரை நினைத்துச் சேர்ந்தழுவர். இறந்தவர் ஒருவர், கரைந்த துக்கங்களோ பல. தொல்காப்பியரும் மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையை முதலில் வைத்து, அதை அடுத்தே அழுகையை வைத்தார். நம் கூட்டங்களில் முதலாவது இருக்கிறது. இரண்டாவதற்கு இடம் இல்லை.

ஆதலின் சங்க அன்பர்களிடம் நாம் வேண்டுவன சில. கரோக்கே நிகழ்ச்சியில் கால்மணி நேரத்தையேனும் சோகப் பாடல்களுக்கு ஒதுக்குக. பாடுவோர் சுருதியைச் சற்றுத் தாழ்த்திக்கொள்க. தொண்டை அடைக்கும்போது மேல்ஸ்தாயி எட்டாது. ஒருவர் பாட முடியாமல் நின்றுவிட்டால் சிரிக்க வேண்டா, பாட்டை மாற்றவும் வேண்டா. அருகில் இருப்பவர் அந்த அடியை எடுத்துப் பாடிக் கொடுக்கட்டும். உணவும் உறக்கமும் ஒழிந்து பல வாரம் வாடுவோர்க்குப் பாட்டு மட்டும் போதாது. அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் உறவினர் கடமை.

பாடல்களைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டுப் பிள்ளைகள் கையிலும் கொடுங்கள். கணக்கையும் அறிவியலையும் அவர்கள் எம்மொழியிலும் கற்றுக்கொள்வர். நமக்குப் பின் ஒருநாள் அவர்களுக்கும் அழ நேரும். அன்று அவர்கள் நாவில் ஒரு தமிழ்ப் பாட்டு இருக்கவேண்டும்.