எந்தப் பன்னிரண்டு?

ஒகேனக்கல்லில் காவிரியின் இக்கரை தமிழ்நாடு, அக்கரை கர்நாடகம். இரு கரைகளிலும் பரிசல்கள் உண்டு. இரு கரையினரும் தத்தம் பரிசல்களுக்கு 1 முதல் எண்ணிட்டிருப்பதாகக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அவரவர் கரையில் குழப்பமில்லை. திடீரென்று வெள்ளம் வருகிறது. இரு கரைக்கும் பொதுவான ஒலிபெருக்கியில், "12ஆம் எண் பரிசல் உடனே திரும்பவும்!" என்கிறார் காவலர். எந்த 12?

கணிப்பொறி வலையமைப்புகளிலும் இதே சங்கடம் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண் வேண்டும். பழைய நான்காம் பதிப்பில் இது 32 பிட் நீளமுடையது. ஆகவே சுமார் 429 கோடி முகவரிகளே கிடைக்கும். உலகுக்கு இது போதாதென்று முன்பே தெரிந்ததால், 1996இல் ஓர் ஏற்பாட்டை வகுத்தார்கள். 10 என்றோ 192.168 என்றோ தொடங்கும் எண்கள் முதலியவற்றை, யாரையும் கேட்காமல் எவரும் தம் வளாகத்துக்குள் பயன்படுத்தலாம். உங்கள் வீட்டு வைஃபை பெட்டியின் எண்ணைப் பாருங்கள், பெரும்பாலும் 192.168 என்றே தொடங்கும். பக்கத்து வீட்டிலும் அப்படித்தான்!

பல வளாகங்களை ஒரே அறையிலிருந்து நிர்வகிக்கும்போதுதான் வம்பு. ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரால் பற்களும் எலும்புகளும் கெட்டுவந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் தருவது, 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். இத்தகைய திட்டம் ஒன்றில் இரண்டு நீரேற்று நிலையங்களின் பம்புகளுக்கும் 192.168.1.12 என்ற ஒரே முகவரி அமைந்துவிட்டால்? நிறுத்தச் சொன்ன பம்பு ஓடும். ஓடவேண்டியது நின்று ஓரூரின் குழாய் வறண்டு போகும்.

எண்களை மாற்றி விடலாமே என்பீர்கள். ஓடும் பம்புகளை நிறுத்தி ஒவ்வொன்றாக மாற்றுவது எளிதன்று. மாறாக, வாசலில் ஒரு முகவரி மாற்றியை வைக்கலாம். மையம் 512 என்றழைத்தால் அது உள்ளே 12 என்று சொல்லும். பதிலை 512 என்று வெளியே அனுப்பும். ஆனால் அது உறையின் மேலுள்ள முகவரியை மட்டுமே மாற்றும். கடிதத்துக்குள்ளும் 12 என்று எழுதியிருந்தால் பழைய குழப்பமே!

எனக்குப் பிடித்தது 1999இல் வெளியான முறை. 4 பைட் முகவரியின் முன்னால் 8 பைட் அடையாளக் குறி ஒன்றைச் சேர்ப்பார்கள். அதாவது "இக்கரை 12", "அக்கரை 12". கருவிகளின் எண்ணைத் தொடவே வேண்டாம்; இணைப்புத் தருபவரின் வழிகாட்டிக் கருவிகள் ஒவ்வொரு வளாகத்துக்கும் தனி வழிப்பட்டியல் வைத்துக் கொள்ளும். ஆறாம் பதிப்பில் முகவரி 128 பிட். அங்கே எண் பஞ்சமே இல்லை. ஆயினும் பழைய பம்புகள் பலவற்றுக்கு அந்த மொழி தெரியாதே!