வெள்ளாமை இறங்கினால் மாடுகள் எங்கே போகும்?

சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. நடுவில் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு மட்டக்களப்பு வாவி கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடையிலான ஒடுங்கிய மணல் நிலத்தில் நகரமும் பிரதான வீதியும் நெருக்கமான ஊர்களும். மேற்கே வயல், குளம், காடு. எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலுமாக வாழும் குடும்பங்கள், தமிழரிலும் முஸ்லிம்களிலும், இங்கே ஏராளம்.

வாவியைக் கடக்க உதவும் மிதவைக்கு மக்கள் வைத்த பெயரே ‘பாதை’. மண்முனையில் பாதைக்காகக் காத்து நின்ற காலம் 2014 ஏப்ரலில் முடிந்தது. யப்பானிய உதவியோடு 210 மீற்றர் பாலம் அங்கே திறக்கப்பட்டது. நோயாளியை இரவில் கரை சேர்க்கத் தவித்தவர்களுக்குத்தான் அந்த 210 மீற்றரின் அருமை தெரியும்.

இங்கே நெற்பயிரை ‘வெள்ளாமை’ என்பார்கள். உன்னிச்சை, உறுகாமம், நவகிரி போன்ற குளங்களின் நீர் பாயும் இடங்களில் சிறுபோகமும் உண்டு. மற்ற இடங்களில் மாரி மழையை நம்பிய பெரும்போகம் மட்டுமே. நாற்று நடுவது அரிது, விதைப்புத்தான் வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிந்தினால் முளை கருகும். மார்கழி, தையில் அளவு மீறினால் வாவி பெருகி, கரையோரத் தாழ்ந்த வயல்களுக்குள் ஏறும். அப்போது பாலமீன்மடு முகத்துவாரத்தின் மணல் திட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடச் சொல்லி விவசாயி கேட்பார். அவசரப்பட்டு வெட்டினால் மீனும் இறாலும் போய்விடுமே என்று மீனவர் அஞ்சுவார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2011 ஜனவரி வெள்ளமோ யாருடைய கணக்குக்கும் அடங்கவில்லை.

அறுவடை முன்பு ஒரு வழிபாடு போல நடந்தது. வயல்களுக்குச் சொந்தக்காரரான போடியாரின் களவெட்டி என்னும் களத்தில் மாடுகளைக் கொண்டு சூடு மிதிக்கும்போது அன்றாடப் பேச்சு கூடாது. நெல்லைப் ‘பொலி’ என்றும், மாட்டை ‘வாரிக்காலன்’ என்றும், வைக்கோல் கிளறும் கம்பை ‘வேலைக்காரன்’ என்றும்தான் சொல்ல வேண்டும். இன்று இயந்திரம் ஒரே நாளில் வெட்டி மூடையாக்கிவிடுகிறது. உடல் நோவு குறைந்தது நல்லதே. அந்தச் சொற்களையாவது ஊர்ப் பள்ளிக்கூடங்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அறுவடைக்குப் பின்னான ஓய்வில்தான் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் பழகப்படும்; வைகாசியில் கண்ணகி கோயில்களில் சடங்கும் குளிர்த்தியும் நடக்கும்.

இந்தச் சுற்றில் வெளியூரார் கவனிக்காத ஒரு கண்ணி மாடு. அறுவடை முடிந்த வயலில் அரிதாள் மேய்ந்து, எருவை அங்கேயே விட்டுச்செல்லும் பட்டிகள் விதைப்புக்கு முன் வெளியேறியாக வேண்டும். போகத்துக்கு முன் அதிகாரிகளும் விவசாயிகளும் கூடும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில், எப்போது விதைப்பது என்பதோடு, மாடுகளை எந்தத் திகதிக்குள் அகற்றுவது என்பதும் தீர்மானமாகிறது. வெளியேறும் மாடுகளில் பெருந்தொகை மாவட்டத்தின் மேற்கு எல்லையிலுள்ள மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைகளுக்குப் போகும். மட்டக்களப்புத் தயிரின் பின்னால் இந்த நெடும்பயணம் இருக்கிறது.

அந்தத் தரைக்குள்தான் வெளி மாவட்டத்தவர் வந்து பயிர் செய்யத் தொடங்கினார்கள். தங்கள் மாடுகள் சுடப்படுவதாகவும் வெட்டப்படுவதாகவும் முறையிட்ட பண்ணையாளர்கள், 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். இதைக் காணித் தகராறு என்று மட்டும் பார்ப்பது போதாது. மேய்ச்சல்தரை சுருங்கினால் மாடு வயலுக்குள் இறங்கும். இறங்கினால் விவசாயியும் பட்டிக்காரரும் மோதுவார்கள். ஒரே ஊரவர், பல வேளை ஒரே குடும்பத்தவர்.

மாட்டை வெளியேற்றத் திகதி குறிக்கும் அரசுக்கு, அது போய் நிற்பதற்கு நிலம் குறித்துக் கொடுக்கும் கடமையும் உண்டு. அடுத்த பெரும்போகத்துக்கு முன்பாவது, மயிலத்தமடு, மாதவனையின் எல்லைகளை அளந்து, மேய்ச்சல்தரை என்று வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும்.