பூங்காவுக்குப் போன மாணாக்கன்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் எம்மூரார் வழங்குவர். ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை! பெயரிட்டவன் புலவனாகவே இருத்தல் வேண்டும். முழுநிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியிற் சென்று பாடும் மீனின் இசை கேட்போரும் உண்டு. இச்சிறப்பெல்லாம் தோன்ற 'எங்கள் வாவி' என்னுந் தலைப்பில் ஒரு கட்டுரை வரையுமாறு 1997ஆம் ஆண்டில் எட்டாம் வகுப்பு மாணாக்கரைப் பணித்தேன். பண்டிதப் பரீட்சையில் தேறி ஆசிரியப் பணியேற்ற புதிது; செருக்குக்குக் குறைவில்லை.

ஒருவன் வெறுந்தாளை நீட்டினான். வயது பதின்மூன்று. வகுப்பிலே வாய் திறவான். வெளியே நாடோறும் எவனையேனும் அடித்துவிட்டு வருவான். பிரம்பை எடுத்தேன். கையை நீட்டியபடி நின்றானேயன்றி, அவன் கண் கலங்கவில்லை.

பின்னரே செய்தி அறிந்தேன். 1990ஆம் ஆண்டில் அவன் தந்தையைச் சிலர் அழைத்துச் சென்றனர், அவர் மீளவில்லை. தாய் பல நாள் வாவிக்கரையெங்கும் உடல் தேடித் திரிந்தாள். அவள் கைபற்றி உடன் நடந்த ஆறு வயதுக் குழந்தை இவன். இவனிடத்தேதான் நான் வாவியின் அழகை எழுதக் கேட்டேன்.

மரமும் மண்ணும் நோயாற்றும் என்பது இன்று உலகெங்கும் பேசப்படும் பொருள். சாளரத்தின் வழியே மரங்களைக் கண்டிருந்த நோயாளர், செங்கற் சுவரைக் கண்டிருந்தோரினும் விரைவில் வீடு திரும்பினர் என்று அமெரிக்க அறிஞர் உல்ரிச் 1984இல் எழுதினார். இளைஞரைக் கடலிலும் மலையிலும் பழக்கி உரம் பெறச் செய்யும் பள்ளியொன்றை வேல்சு நாட்டில் கூர்ட் ஆன் என்பார் 1941இலேயே தொடங்கினார். நல்லவைதாம். ஆயின் 1997இல் மட்டக்களப்புச் சிறுவனைக் காட்டுக்குப் போய் மனம் ஆறுக என்று எவர் சொல்ல வல்லார்? காடு என்றால் இயக்கத்தார் ஆள் சேர்க்கும் இடம், சாலை என்றால் படையினரின் சோதனைச் சாவடி, வாவியோ, சொன்னேனே. இயற்கைதானே அச்சத்தின் இருப்பிடமாகிவிட்ட நிலத்தில், இயற்கையால் மருந்து செய்வது எங்ஙனம்?

அதற்கு விடையாக 1996இல் மட்டக்களப்பு நகரில் ஒரு தோட்டம் எழுந்தது. வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா என்பது அதன் பெயர். யேசு சபைத் துறவியும் உளவள ஆலோசகருமான போல் சற்குணநாயகம் அடிகளாரும், கனடா நாட்டு ஓவியர் போல் ஓகனும் அதனை நிறுவினர். காவலுள்ள வேலி, உள்ளே மரங்கள், செடிகள், வளர்ப்புயிர்கள், களிமண், வண்ணம், கூத்து, கதை. தமிழ்ப் பிள்ளைகளும் முசுலிம் பிள்ளைகளும் வாரத்தில் ஒருநாள் பேருந்தில் ஒருங்கே வந்து போயினர். இது சிறு செய்தியன்று. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் 1990 ஆகத்து 3ஆம் நாள் கொல்லப்பட்டனர். சத்துருக்கொண்டானில் செத்தெம்பர் 9ஆம் நாள் தமிழர் கொல்லப்பட்டனர். அவ்விரு துயரத்தின் பிள்ளைகளும் அங்கே ஒரே மண்வெட்டியை மாறிமாறிப் பிடித்தனர்.

என் மாணாக்கனும் அங்கே சென்றான். எனக்கு உவப்பில்லை. "களிமண் பிசைந்தால் புணர்ச்சி விதி வருமோ?" என்று சக ஆசிரியரிடம் ஏளனம் செய்தேன். அதைக் கண்டுவிடுவோம் என்று ஒருநாள் நேரிலே போனேன்.

பூசணிப் பாத்தியின் ஓரம் அவன் நீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அருகே தொப்பியணிந்த சிறுவன் ஒருவன் மண் அணைத்தான். இருவரும் ஏதோ மீன்களின் பெயரைச் சொல்லிப் போட்டியிட்டனர்: ஒட்டி, கெளிறு, திரளி. என் காலடியோசை கேட்டு நிமிர்ந்தான். "மெல்ல வாங்க ஐயா, கண்டு மிதிபட்டிரும்" என்றான்.

ஈராண்டில் அவன் என்னோடு தானாகப் பேசிய முதற் சொற்கள் அவை. நான் காலை எடுத்துக்கொண்டேன்.

உனக்கு என்ன நேர்ந்தது என்று அங்கே எவரும் அவனை வற்புறுத்திக் கேட்கவில்லை. அவ்விளம் வழிகாட்டிகளும் போரிற் புண்பட்டவர்களே. அதனால் அந்நயம் அறிந்திருந்தனர் போலும். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று தொல்காப்பியத்தை நான் எத்தனையோ முறை உருப்போட வைத்திருக்கிறேன். நிலமும் உள்ளமும் இணைந்தவை என்று கண்ட இலக்கணம் நம்முடையது. ஆயினும் நெய்தலங் கரையிலிருந்து வந்து என் முன்னே இரங்கி நின்ற ஒருவனை அடையாளங் காண எனக்கு அவ்விலக்கணம் உதவவில்லை. குறை நூலினுடையதன்று.

பூங்காவால் எல்லாம் தீர்ந்ததென்று கூறேன். சண்டை குறைந்தது, அறவே ஒழியவில்லை. கணிதத்தில் தேறவில்லை. ஆண்டிறுதியில் கேளாமலே ஒரு தாளைக் கொணர்ந்தான். பூசணி பூத்ததைப் பற்றி ஆறு வரி. ரகர றகரப் பிழைகள் மூன்று. சிவப்பு மையை நான் தொடவில்லை.

வாவியைப் பற்றி அவன் இன்றளவும் ஒன்றும் எழுதியதில்லை. அதிலேதான் தோணி விடுகின்றான், வலை வீசுகின்றான். சென்ற மாதம் விடியற்காலையில் வாயிலில் நின்று, "ஐயா" என்று கூப்பிட்டு, ஒட்டி மீன் ஒரு கோவை தந்தான். விலை கேட்டேன், சொல்லாமலே மிதிவண்டியில் ஏறிப் போய்விட்டான்.