பிரிட்டிஷ் படத்தொழிலும் அரசின் அளவுகோலும்

மாணவர்களே, நலிந்த தொழிலுக்கு அரசு கைகொடுப்பது அரிதன்று. அவ்வுதவியை எதைக்கொண்டு அளந்து கொடுப்பது என்பதே அரிது. பிரிட்டிஷ் படத்தொழிலின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டனின் கொட்டகைகளில் ஓடியவை பெரும்பாலும் அமெரிக்கப் படங்களே. அதுகண்டு பார்லிமெண்ட் 1927இல் ஒரு சட்டம் இயற்றிற்று. படங்களை வாடகைக்கு விடுவோரும் கொட்டகைக்காரரும் குறித்த விகிதம் பிரிட்டிஷ் படங்களை ஏற்றாக வேண்டும்; அவ்விகிதம் படிப்படியாக 20 சதவீதம் வரை உயரும். சட்டம் கேட்டது படத்தின் நீளத்தையேயன்றித் தரத்தையன்று. விளைவு யாதாயிற்று? அமெரிக்கக் கம்பெனிகள் கணக்கை நிரப்புவதற்கென்றே, சுருளின் அடிக்கு ஒரு பவுன் என்னும் கூலிக்கு அவசரப் படங்களை எடுப்பித்தன. பக்கத்தை எண்ணி மதிப்பெண் இடும் ஆசிரியருக்கு மாணவர் எழுதும் விடை எப்படியிருக்கும்? அவற்றுட் பல அப்படித்தான் இருந்தன. ஆயினும், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற மைக்கேல் பவல் தொழில் பழகியது இத்தகைய படங்களில்தான் என்பதையும் மறைக்கலாகாது. 1938ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சச் செலவொன்றை விதித்து இக்குறையை ஓரளவு களைந்தது.

1947இல் டாலர் பஞ்சம். நிதி மந்திரி டால்டன் அயல்நாட்டுப் படங்களின் வருவாய்மீது 75 சதவீத வரி விதித்தார். ஹாலிவுட் புதுப்படம் அனுப்புவதையே நிறுத்திவிட்டது! மறு ஆண்டே வரி நீங்கிற்று. தேங்கியிருந்த அமெரிக்கப் படங்கள் வெள்ளமெனப் புகுந்தன. இடைவெளியை நம்பி முதல் போட்ட பிரிட்டிஷ் தயாரிப்பாளருக்குப் பெருநட்டம்.

அடுத்து வந்தது, நான் மிகவும் வியக்கும் திட்டம். வில்பிரட் ஈடி என்னும் நிதித்துறை அதிகாரியின் பெயரால் வழங்கும் தீர்வை அது. கொட்டகைச் சீட்டின் விலையில் ஒரு பகுதியைத் திரட்டி, வசூலின் விகிதப்படி பிரிட்டிஷ் படங்களுக்குப் பங்கிட்டனர். 1950இல் தொழிலினர் தாமே இசைந்து தொடங்கிய இது, 1957இல் சட்டமாயிற்று. ஓடிய படத்திற்கு மேலும் பணம். ஓடாத படத்திற்கோ சொற்பமே. அன்றியும், முதல் எந்நாட்டினது என்று எவரும் கேட்கவில்லை; பெரும்பாலும் பிரிட்டிஷார் உழைப்பில் உருவானால் போதும். ஆகவே அமெரிக்கப் பணத்தில் எடுத்த ஜேம்ஸ் பாண்டு படங்களும் பங்கு பெற்றன. 1985இல் இத்தீர்வை ஒழிந்தது.

2007 முதலான வரிச்சலுகைக்கு அளவுகோல், பிரிட்டனில் செய்யும் செலவு. கதை, களம், கலைஞர் ஆகியவற்றுக்குப் புள்ளியிட்டு, படம் பிரிட்டிஷ் படமா என்று முதலில் சோதிப்பர். தேறினால், வரி கட்டவேண்டாத கம்பெனிக்கும் கருவூலத்திலிருந்து பணம் உண்டு. இலாபம் கடல்கடந்து போகலாம். தச்சருக்கும் தையற்காரருக்கும் கொடுத்த கூலி உள்நாட்டில் தங்கும். இதனால் பெரும்படங்களே மிகுதியும் பயன்பெற்றன. எனவே 2024இல், சுமார் 1.5 கோடி பவுன் வரை செலவாகும் சிறு படங்களுக்கு 53 சதவீதம் என்றும், மற்றவற்றுக்கு 34 சதவீதம் என்றும் விகிதத்தைப் பிரித்தனர்.